கரியடுப்பில் ஒரு கோடை விருந்து: முதல் நாள் இரவிலிருந்து மறுநாள் மாலை வரை

அமெரிக்காவில் ஜூலை 4-ஆம் தேதி விடுதலை நாளை ஒட்டி எந்தக் குடியிருப்புப் பகுதியில் நடந்தாலும், கொல்லைப்புறங்களிலிருந்து கரிப்புகையின் மணம் வரும். அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் அந்த வார இறுதியில் பத்துப் பதினைந்து பேரைக் கூப்பிட்டுப் பார்பிக்யூ விருந்து வைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது, எரியும் தணலுக்கு நேர் மேலே இறைச்சியை வைத்துச் சில நிமிடங்களில் சுட்டெடுப்பதுதான். அதைக் கிரில் செய்தல் என்பார்கள். கரோலினா, டென்னஸி, டெக்சஸ் மாநிலத்தார் பார்பிக்யூ என்று சொல்வது வேறு: தணலுக்கு நேர் மேலே வைக்காமல், மூடியிட்டு, குறைந்த அனலிலும் விறகுப் புகையிலும் மணிக்கணக்காக வேகவிடுவது. கரீபியத் தீவுகளின் தைனோ மக்களுடைய சொல்லொன்று ஸ்பானிய மொழி வழியாக வந்து பார்பிக்யூ ஆனது என்பார்கள். அமெரிக்கத் தென்பகுதியில் அதை ஒரு கலையாக வளர்த்தெடுத்ததில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த கறுப்பின மக்களின் கைத்திறனுக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு கெட்டில் கிரில்லை (மூடியுள்ள உருண்டையான கரியடுப்பை) வைத்துக்கொண்டு, 15 பேருக்கு மாலை ஐந்தரை மணிக்கு விருந்து படைப்பது எப்படி என்பதை, முதல் நாள் இரவில் தொடங்கி வரிசையாக விளக்குகிறேன். படைக்கப்போவது பன்றியின் தோள்கறி, விலா எலும்பு, கோழித் தொடை ஆகிய மூன்று. அவற்றுடன் சோளம், பீன்ஸ், முட்டைக்கோஸ் சாலட். பல கோடைகளாகச் செய்து பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. மசாலாவில் கூடக்குறைய ஆனால் விருந்து கெட்டுப்போவதில்லை. நெருப்புக்குப் போகும் காற்றை ஆளத் தெரியாமலும், கறி வெந்ததைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்வதாலும்தான் கெட்டுப்போகிறது.

அழைக்கும்போதே கேட்க வேண்டியவை

நம்மவர்கள் கூடும் விருந்தில் பன்றிக்கறி சாப்பிடாதவர்கள், மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள், சைவர்கள் என எல்லோரும் இருப்பார்கள் என்பதால், யார் எதைச் சாப்பிடுவார்கள் என்பதை அழைக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. சைவர்களுக்கான சோளத்தையும் காய்களையும் இறைச்சி பட்ட கம்பித் தட்டில் வைக்கக் கூடாது. சிறிய கிரில் ஒன்றை இரவல் வாங்குங்கள். முடியாவிட்டால், கெட்டில் கிரில்லுக்குப் புதிய கம்பித் தட்டு ஒன்றைத் தனியே வாங்கிச் சைவத்துக்கென்றே ஒதுக்குங்கள். இதைச் செய்துவிட்டு அவர்களிடம் சொல்லியும் விடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு வெறும் தயிர்சாதத்தோடு எழுந்து போகிறவர்கள் உண்டு.

வாங்க வேண்டியவை

கறிக்கடையில் பாஸ்டன் பட் என்று கேட்டால், பன்றித் தோளின் மேற்பகுதியை எலும்போடு தருவார்கள். 8 பவுண்டு (சுமார் 3.6 கிலோ) எடையுள்ள துண்டு ஒன்று போதும், எலும்பும் கொழுப்பும் நீரும் போகப் பாதியளவுக்குச் சற்று மேலே கறி தேறும். விலா எலும்பில் செயின்ட் லூயிஸ் வெட்டு என்று கேட்டு இரண்டு வரிசை வாங்குங்கள். நுனிக் குருத்தெலும்பு நீக்கப்பட்டு நீள்சதுரமாக இருப்பதால் ஒரே சீராக வேகும். தோலும் எலும்பும் உள்ள கோழித் தொடை 16 வாங்குங்கள். நெஞ்சுக்கறி வேண்டாம், கரி நெருப்பில் அது எளிதில் வறண்டுவிடும்.

கரியைப் பொறுத்தவரை, நீண்ட நேரச் சமையலுக்குப் பிரிக்கெட் எனப்படும் அச்சில் அழுத்திய கரிக்கட்டிகளே ஏற்றவை. எல்லாம் ஒரே அளவில் இருப்பதால் ஒரே வேகத்தில் எரியும். புகைக்காக ஹிக்கரி அல்லது ஆப்பிள் மரத்துண்டுகள், கைமுட்டியளவில் ஏழெட்டு வேண்டும். மெஸ்கீட் மரத்தின் புகை காரமானது. இவ்வளவு நேரம் வேகும் கறிக்கு அது வேண்டாம். ஊற்றிப் பற்றவைக்கும் திரவத்தைத் தொடவே தொடாதீர்கள். அதன் மணம் கறியில் ஏறிவிடும். அதற்குப் பதில், தகர உருளையாக இருக்கும் சிம்னியில் கரியைக் கொட்டி, அடியில் இரண்டு செய்தித்தாள்களைக் கசக்கி வைத்துக் கொளுத்தினால் இருபது நிமிடத்தில் கங்காகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது தெர்மாமீட்டர். கறிக்குள் குத்திப் பார்க்கும் ஊசி ஒன்றும், கம்பித் தட்டின் அருகே வெப்பத்தைக் காட்டுவது ஒன்றும் தேவை. மூடியில் பொருத்தியிருக்கும் வட்டமான கருவி மேல்காற்றின் வெப்பத்தைத்தான் காட்டும். கறி இருக்கும் இடத்தின் வெப்பம் அதுவல்ல.

முதல் நாள் மாலை: உப்பும் மசாலாவும்

தோள்கறியின் மேல் இரண்டு மேசைக்கரண்டி தூளுப்பை எல்லாப் பக்கமும் தடவிக் குளிர்பெட்டியில் வையுங்கள். உப்பு மட்டுமே கறியின் உள்ளே இறங்கக்கூடியது. மிளகாயும் பூண்டும் எத்தனை மணி நேரம் ஊறினாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். ஆகவே உப்பை முன்கூட்டியே போட்டுவிட்டு, பொடியை அடுப்பில் ஏற்றுவதற்குச் சற்று முன்பு தூவினால் போதும். பொடிக்கு, பாப்ரிக்கா என்னும் காரம் குறைந்த மிளகாய்ப் பொடியும் பழுப்புச் சர்க்கரையும் நான்கு நான்கு மேசைக்கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த மிளகு இரண்டு, பூண்டுப் பொடி, வெங்காயப் பொடி, கடுகுப் பொடி ஒவ்வொன்று, மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி. இதில் உப்பு கிடையாது; உப்பைத் தனியே போடுவதால்தான் பொடியை அளவு பார்க்காமல் அள்ளித் தடவ முடிகிறது. விலா எலும்புக்கும் இதே பொடிதான்.

கோழிக்கு வேறு முறை. நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோழிப் பண்ணைத் துறையில் பணியாற்றிய ராபர்ட் பேக்கர், 1950-இல் விவசாயிகளுக்கான கையேட்டில் வெளியிட்ட கலவை அது. இன்றும் அந்த மாநிலத்தின் சந்தைகளிலும் தீயணைப்பு நிலைய விருந்துகளிலும் அந்தக் கோழிதான் சுடப்படுகிறது. ஒரு முட்டையை அடித்து, அதில் ஒரு கோப்பை எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்கி, இரண்டு கோப்பை ஆப்பிள் சிடர் வினிகர், மூன்று மேசைக்கரண்டி உப்பு, சேஜ், தைம் என்னும் மூலிகைகள் கலந்த கோழி மசாலா ஒரு மேசைக்கரண்டி, அரைத் தேக்கரண்டி மிளகு ஆகியவற்றைச் சேருங்கள். முட்டைதான் எண்ணெயையும் வினிகரையும் பிரியவிடாமல் பிடித்துவைத்து, கலவையைத் தோலில் ஒட்டச் செய்கிறது. ஒரு கோப்பையைத் தனியே எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மீதியில் கோழியை இரவு முழுதும் ஊறவிடுங்கள். கோழி ஊறிய நீரை மீண்டும் பயன்படுத்தாமல் கொட்டிவிட வேண்டும்.

பீன்ஸையும் இரவே நீரில் ஊறப்போட்டுவிடுங்கள்.

இரவு பத்தரை: நெருப்பை அடுக்குதல்

கெட்டில் கிரில்லை 1952-இல் உருவாக்கியவர் ஜார்ஜ் ஸ்டீபன். சிகாகோ பகுதியில் நீர்மிதவைகள் செய்த ஓர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்தவர். உருண்டையான மிதவையைப் பாதியாக வெட்டி, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். அந்த மூடியும், மேலும் கீழும் உள்ள காற்றுத் துவாரங்களும்தான் இந்த அடுப்பின் உயிர். கீழ்த்துவாரம் காற்றை உள்ளே விடுகிறது, மேல்துவாரம் புகையை வெளியே இழுக்கிறது. அனலைக் கூட்ட வேண்டுமானால் கீழே திறக்க வேண்டும், குறைக்க வேண்டுமானால் கீழே மூட வேண்டும். மேல்துவாரத்தை முழுதாகத் திறந்தே வையுங்கள். அதை அடைத்தால் புகை உள்ளேயே தேங்கிக் கறி கசந்துவிடும்.

எரியாத கரிக்கட்டிகளை அடுப்பின் உட்சுவரை ஒட்டி, இரண்டு கட்டி அகலமும் இரண்டு கட்டி உயரமுமாக, வட்டத்தில் முக்கால் பங்குக்குப் பாம்பு படுத்திருப்பதுபோல வளைத்து அடுக்குங்கள். அதன் முதல் பாதியின் மேல் மரத்துண்டுகளில் ஐந்தை இடைவெளி விட்டு வையுங்கள். நடுவில் ஓர் அலுமினியத் தட்டில் வெந்நீர் ஊற்றுங்கள். கொழுப்பு அதில் சொட்டும், அனலும் ஏறி இறங்காமல் நிற்கும். சிம்னியில் பத்துப் பன்னிரண்டு கட்டிகளை மட்டும் கங்காக்கி, பாம்பின் தலைமாட்டில் வையுங்கள். ஒரு கட்டி அடுத்ததைப் பற்றவைத்துக்கொண்டே போக, இந்த வளையம் விடியும்வரை தானே எரியும்.

மூடியிட்டதும் முதலில் வரும் புகை வெள்ளையாக, திரள்திரளாக, கண்ணைக் கரிக்கும். அது மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டிய இளநீல இழையாக மாறும்வரை காத்திருங்கள். அதன் பிறகே கறியை ஏற்ற வேண்டும்.

பதினொன்று முதல் காலை வரை: தோள்கறி

தோள்கறியில் பொடியைத் தடவி, கொழுப்புப் பக்கம் கீழாக, நீர்த்தட்டுக்கு நேர் மேலே வையுங்கள். வெப்பம் 225-க்கும் 250-க்கும் இடையே பாரன்ஹீட்டில் (107 முதல் 121 செல்சியஸ்) நிற்க வேண்டும். கீழ்த்துவாரத்தைக் கால்வாசி திறந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மாற்றத்தின் பலனும் தெரியக் கால் மணி நேரமாகும் என்பதால் அவசரப்பட்டு மாறிமாறித் திருகாதீர்கள். எச்சரிக்கை மணி உள்ள தெர்மாமீட்டர் இருந்தால் தூங்கலாம்.

இந்தத் துண்டு உழைத்த தசை. நிறைய இணைப்புத் திசு ஓடியிருப்பதால், 145 டிகிரியிலேயே உண்ணத் தகுந்ததாக இருந்தாலும் மெல்ல முடியாது. அதில் உள்ள கொலாஜன் நீண்ட நேர வெப்பத்தில் ஜெலட்டினாக இளகும்போதுதான் கறி நார்நாராகப் பிரியும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் உறைகிறதே, அதைச் செய்வதும் இதே ஜெலட்டின்தான். குழம்பில் நீர் செய்வதை இங்கே நேரமும் மூடியும் செய்கின்றன.

விடியற்காலையில் ஒரு சோதனை வரும். கறியின் உள்வெப்பம் ஏறிக்கொண்டே வந்து, 150-க்கும் 170-க்கும் இடையில் (65 முதல் 77 செல்சியஸ்) ஓரிடத்தில் அப்படியே நின்றுவிடும், சில சமயம் நான்கைந்து மணி நேரம்கூட. நெருப்பு அணையவில்லை, கருவியும் கெடவில்லை. மண்பானை தன் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாவதால் உள்ளே இருப்பதைக் குளிர்விப்பது போலவே, கறியும் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. இது தெரியாத காலத்தில் நான் முதன்முதலாகச் செய்த தோள்கறிக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம் 158-லேயே நின்ற எண்ணைப் பார்த்துப் பயந்து, ஒரு சிம்னி நிறையக் கங்கைக் கொட்டினேன். ஒரு மணி நேரத்தில் மேற்புறத்துச் சர்க்கரை தீய்ந்து கரியானது. உள்ளே வெட்டினால் ரப்பர் போல இழுத்தது. வந்திருந்த குழந்தைகள் பசியோடு காத்திருந்து, கடைசியில் ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டார்கள். அன்றிலிருந்து விருந்து நேரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே முடியும்படிதான் தொடங்குகிறேன்.

ஆகவே பொறுத்திருங்கள். மேற்புறம் கருஞ்சிவப்பாகி, நகத்தால் கீறினாலும் பொடி உதிராத அளவுக்குப் பொருக்கு கட்டியிருந்தால், அலுமினியத் தாளில் இரட்டையாக இறுகச் சுற்றி மீண்டும் வையுங்கள். ஆவியாவது நின்றுவிடுவதால் வெப்பம் மளமளவென ஏறும். 195-லிருந்து ஊசியைப் பல இடங்களில் குத்திப் பாருங்கள். அறை வெப்பத்தில் இளகிய வெண்ணெயில் இறங்குவதுபோல எங்கும் தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. பெரும்பாலும் அது 200-க்கும் 205-க்கும் இடையில் நடக்கும். தோள்பட்டை எலும்பைப் பிடித்து மெல்லத் திருகினால், துளிக் கறியும் ஒட்டாமல், கழுவி வைத்ததுபோல வெள்ளையாக வெளியே வரும்.

தாளைத் திறந்து பதினைந்து நிமிடம் ஆவி போகவிட்டு, மறுபடி சுற்றி, பழைய துண்டுகளில் பொதிந்து, ஐஸ் இல்லாத கூலர் பெட்டியில் வைத்து மூடுங்கள். பல மணி நேரம் சூடாகவே இருக்கும். ஊசியை உள்ளேயே விட்டுவைத்து, 140 டிகிரிக்குக் (60 செல்சியஸ்) கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அதற்குக் கீழே கிருமிகள் பெருகத் தொடங்கும்.

பகல் பதினொன்றேகால்: விலா எலும்பு

விலாவின் உட்புறத்தில், எலும்புகளின் மேல் ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். அதை நீக்காவிட்டால் கடிக்கும்போது தோல்போல இழுபடும். ஓர் எலும்பின் மேல் கரண்டிக் காம்பை நுழைத்துச் சவ்வைத் தூக்கி, காகிதத் துண்டால் பிடித்து இழுத்தால் முழுதாக உரிந்து வரும். உப்பும் பொடியும் தடவுங்கள். அடுப்பில் மிஞ்சிய கங்குகளை ஒரு பக்கமாக ஒதுக்கி, அரைச் சிம்னி புதுக் கங்கும் மீதி மரத்துண்டுகளும் சேர்த்து, விலாவை மறுபக்கம் வைத்து மூடுங்கள். மணிக்கொரு முறை வரிசைகளை இடம் மாற்றி, தேவைப்பட்டால் கரி சேருங்கள்.

மூன்று மணி நேரம் புகையில், இரண்டு மணி நேரம் தாளில் சுற்றி, ஒரு மணி நேரம் திறந்து என்று ஒரு கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. என் அனுபவத்தில் அப்படிச் செய்தால் எலும்பிலிருந்து கறி தானே கழன்று விழுந்துவிடுகிறது. அது குழைந்த கறி. மூன்று மணி நேரம், பிறகு சுற்றி ஒன்றரை மணி நேரம், கடைசி அரைமணி திறந்து சாஸ் தடவுவது என்பதே சரியாக வருகிறது. இடுக்கியால் வரிசையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்குங்கள். அது வில்லாக வளைந்து, மேற்புறத்தில் கறி வெடிப்பு விட்டால் எடுத்துவிடலாம். கடித்த இடத்தில் மட்டும் கறி எலும்பைவிட்டு வர வேண்டும்.

விலாவுக்குக் கன்சாஸ் சிட்டி பாணியில் தக்காளிக் கெச்சப்பும் மொலாசஸ் என்னும் கரும்பாகும் சேர்த்துக் காய்ச்சிய இனிப்புச் சாஸ் பொருந்தும். சர்க்கரை எளிதில் தீயும் என்பதால் அதைக் கடைசி அரைமணிக்கு முன்பு தடவக் கூடாது.

விலா வேகும் நேரத்தில் உள்ளே பக்க உணவுகளை முடித்துவிடலாம். முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, உப்புப் பிசிறி, ஒரு மணி நேரம் வைத்துப் பிழிந்த பிறகு கேரட், மயோனைஸ், சிறிது வினிகர் சேருங்கள். பிழியாவிட்டால் மாலைக்குள் நீர்விட்டுப் போகும். ஊறிய பீன்ஸை வேகவைத்து, மொலாசஸ், கடுகு, கெச்சப் சேர்த்துச் சுண்டவிடுங்கள். தென்பகுதியில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், சைவர்களுக்காக நான் விட்டுவிடுகிறேன்.

நாலேகால்: கோழியும் சோளமும்

விலாவை எடுத்துத் தாளில் மூடிவைத்துவிட்டு, கம்பித் தட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கம்பித் தூரிகையிலிருந்து உதிரும் இழை உணவில் ஒட்டித் தொண்டையில் குத்திய சம்பவங்கள் உண்டு. அலுமினியத் தாளைப் பந்தாகக் கசக்கித் தேய்ப்பது பாதுகாப்பானது. ஒரு சிம்னி நிறையப் புதுக் கங்கைக் கொட்டி, பாதி அடுப்பில் மட்டும் பரப்புங்கள். கோழி மறுபாதியில், தோல் மேலாக. இரண்டு துவாரங்களையும் திறந்து மூடினால், அரைமணியில் பெரும்பகுதி வெந்துவிடும். எடுத்துவைத்த கோப்பைக் கலவையை நடுவே இரண்டு முறை தடவுங்கள், அதில் பச்சை முட்டை இருப்பதால் கடைசிப் பத்து நிமிடம் தடவ வேண்டாம். முடிவில் தோல் கீழாகத் திருப்பி, கங்குக்கு நேர் மேலே இரண்டு மூன்று நிமிடம் காட்டினால் தோல் மொறுமொறுப்பாகும். கொழுப்பு சொட்டித் தீ எழுந்தால் கோழியை நகர்த்துங்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். கோழிக்கு 165 டிகிரி (74 செல்சியஸ்) பாதுகாப்பு எல்லை. தொடைக்கறி 175-க்கு மேலேதான் இதமாக மெல்லும்.

சோளத்தைச் சைவ அடுப்பில், உரித்து நேரடிக் கங்கில் எட்டுப் பத்து நிமிடம் திருப்பித் திருப்பி வாட்டுங்கள். அமெரிக்கர்கள் வெண்ணெய் தடவுவார்கள். பக்கத்தில் எலுமிச்சைத் துண்டும், உப்பு கலந்த மிளகாய்த்தூளும் வைத்துப் பாருங்கள். மெரினாவில் வாங்கித் தின்றவர்கள் நேரே அங்கேதான் கைநீட்டுவார்கள்.

ஐந்தரை: படைத்தல்

தோள்கறியை விருந்தினர் வந்த பிறகே பிரிக்க வேண்டும். முன்பே பிரித்தால் ஆறி வறண்டுபோகும். கனமான ரப்பர் கையுறையோடு பிய்த்து, கட்டிக் கொழுப்பை நீக்கி, மேற்பொருக்கை நறுக்கி எல்லாக் கறியிலும் கலந்துவிடுங்கள். தாளில் தேங்கிய சாற்றையும் ஊற்றுங்கள். பிறகு கிழக்கு வட கரோலினாவின் சாஸ்: இரண்டு கோப்பை சிடர் வினிகர், ஒரு மேசைக்கரண்டி கொரகொரப்பான மிளகாய், ஒரு மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் மிளகு. இதில் தக்காளி கிடையாது. அதே மாநிலத்தின் மேற்கில் சிறிது கெச்சப் சேர்ப்பார்கள், தென் கரோலினாவில் கடுகுச் சாஸ்தான். கொழுப்பு மிகுந்த இந்தக் கறிக்கு வினிகரின் புளிப்புதான் பொருத்தம் என்பது என் கட்சி. பன் ரொட்டியில் கறியை வைத்து, அதன் மேலேயே முட்டைக்கோஸையும் வைத்துத் தருவது கரோலினா வழக்கம்.

பரிமாறிய உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். வெயில் 90 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். மீந்த தோள்கறியை ஆழமில்லாத பாத்திரங்களில் பரப்பிக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கு நாள் வரை பயன்படும்.

கடைசியாக அடுப்பின் இரண்டு துவாரங்களையும் முழுதாக மூடிவிடுங்கள். நனைந்துவிடுமே என்று கிரில்லைக் கராஜுக்குள் தள்ளாதீர்கள். அணைந்ததுபோல் தெரியும் கங்கிலிருந்தும் நஞ்சான கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டிருக்கும். வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி, இரவு முழுதும் வெளியிலேயே நிற்கட்டும். சாம்பலை இரண்டு நாள் கழித்துத் தகர வாளியில் கொட்டுங்கள். காற்றில்லாமல் அணைந்த கரிக்கட்டிகள் பாதிக்கு மேல் முழுசாக மிஞ்சியிருக்கும். சாம்பலைத் தட்டிவிட்டு எடுத்துவைத்தால் அடுத்த வாரம் கோழி சுட அவை உதவும்.